யானைமலைக்குள் மல்லிகை: ஒரே ஃபிலிமில் இருமுறை படமெடுப்பது எப்படி?

எடுத்து முடித்த ஃபிலிம் சுருளைத் தெரியாமல் மறுபடியும் கேமராவில் போட்டுவிட்டு, படமெல்லாம் பாழாகிவிட்டதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. அந்தத் தவறைத் தெரிந்தே செய்து பாருங்கள். எதன் மேல் எது விழுந்திருக்கிறது என்பது கழுவி வரும்வரை தெரியாது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

கையால் சுற்றும் 35 மி.மீ. கேமராவும், 400 ஐ.எஸ்.ஓ. (ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்) கலர் நெகட்டிவ் சுருளும் போதும். ஒரே இடத்தில் இருமுறை ஒளி விழப்போவதால், ஒவ்வொரு முறையும் பாதி ஒளியே படும்படி கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை 800 என்று வையுங்கள். இரண்டு சுற்றுக்கும் அதுவே.

முதல் வேலை, அடையாளம். சுருளை மாட்டியதும், டப்பாவிலிருந்து ஃபிலிம் வெளிவரும் இடத்தில் மெல்லிய பேனாவால் ஒரு கோடு போட்டு, பிறகு மூடியைச் சாத்துங்கள்.

அடுத்து, விடியற்காலையில் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் போய், யானைமலைக்கு மேற்கே நில்லுங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் ஏறும்போது வானத்தைப் பார்த்து ஒளியை அளந்து எடுங்கள். மலை கருநிழலாக விழும். அங்கே ஃபிலிமில் ஒளி அதிகம் படவில்லை. இரண்டாவது படம் குடியேறப் போவது அந்த இருட்டில்தான். வானமோ ஏற்கெனவே ஒளியால் நிறைந்துவிட்டது, அதில் புதிதாக எதுவும் எடுபடாது. சுருள் முழுக்க மலையே வேண்டாம். பனைமரம், மாட்டின் திமில் என வானத்துக்கு எதிரே கறுத்து நிற்கும் எதுவும் சரி.

கவனம் தேவைப்படுவது இனிமேல்தான். சுருள் முடிந்ததும், கேமராவின் அடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். காதைக் கேமராவோடு ஒட்டி வையுங்கள். ஃபிலிம் நுனி மறுபக்க உருளையிலிருந்து விடுபடும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்கும், விரலில் இருந்த இறுக்கம் சட்டென்று தளரும். அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் சுற்றினால் நுனி டப்பாவுக்குள் போய்விடும்.

மூடியைத் திறந்து, கோடு பழைய இடத்துக்கு வரும்படி மாட்டுங்கள். கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை. இரண்டு படங்களுக்கு இடையே இருந்த வெற்றுப் பட்டை படத்துக்குள் வந்து, அங்கே இரண்டாவது படம் மட்டும் தனித்துத் தெரியும். அச்சுப் பிசகாமல் பொருந்தியதைவிட அதுவே எனக்கு அழகு.

இனி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். குவிந்து கிடக்கும் உதிரி மல்லிகை, அள்ளும் கைகள் என்று கிட்டே போய் எடுங்கள். வெள்ளைக்கு நடுவே நிழலும் இருக்கட்டும். வெறும் வெள்ளையாக நிரப்பினால் மலையின் வடிவமே கரைந்துவிடும்.

லேபில் கொடுக்கும்போது நெகட்டிவை வெட்ட வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய படங்களில் எல்லை எது என்று அவர்களுக்குத் தெரியாது. முழு நீளமாக வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.