நாய்க்கு இவ்வளவு டோஸா? கால்நடை மருந்தகத்தில் வேலைக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர்களுக்கான மருந்தியலை நன்றாகப் படித்துவிட்டுக் கால்நடை மருந்துப் பக்கம் வருபவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்று தலைக்குள் இருப்பதால் அவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. காலாவதித் தேதி பார்ப்பது, பெயர் ஒத்த மருந்துகளைப் பிரித்து வைப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

டோஸைத் தாமாகவே குறைப்பது

இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்ஸினை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 70 கிலோ ஆளுக்கு 112 மைக்ரோகிராம். நாய்க்கு வழக்கமான ஆரம்ப டோஸ் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதுவும் நாளுக்கு இரண்டு வேளை. 30 கிலோ லாப்ரடாருக்கு வேளைக்கு 600, நாளுக்கு 1,200 மைக்ரோகிராம்.

சீட்டைப் பார்த்ததும் புதியவருக்குத் தூக்கிவாரிப்போடும். மருத்துவர் புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டார் என்று நினைப்பார். கிளினிக்குக்கு ஒரு போன், யாரும் எடுக்கவில்லை. "இது ரொம்ப அதிகம், இப்போதைக்குப் பாதியே கொடுங்க" என்று உரிமையாளரிடம் சொல்லி அனுப்பிவிடுவார். உயிரைக் காப்பாற்றிய திருப்தியும் இருக்கும்.

பிறகு நடப்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஆறு வாரம் கழித்தும் நாய் சோர்ந்தே கிடக்கும், கொட்டிய முடி முளைத்திருக்காது, ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவாகவே இருக்கும். பாதி டோஸ்தான் உள்ளே போகிறது என்று தெரியாத மருத்துவர், மருந்து போதவில்லை என்று டோஸை ஏற்றுவார். அடுத்த முறை வேறொரு மருந்தாளுநர் சீட்டில் உள்ளபடியே கொடுத்தால், நாய்க்கு ஒரே நாளில் டோஸ் இரண்டு மடங்குக்கும் மேல் எகிறும். படபடப்பு, ஓயாத தாகம், எடை இழப்பு. காரணம் எதுவென்று யாருக்கும் பிடிபடாது.

நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது; உறிஞ்சியதும் வேகமாக வெளியேறுகிறது. மனித உடலில் இதன் அரை ஆயுள் (மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) ஏறக்குறைய 7 நாள், நாயின் உடலில் ஒரு நாள்கூட இல்லை. எடையை வைத்து மனித டோஸைச் சுருக்கும் கணக்கு இங்கே செல்லாது.

"குறைத்துக் கொடுத்தால் கெடுதல் இல்லையே" என்பார்கள். வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டாலில் இதைச் செய்து பாருங்கள். நாய்க்குக் கிலோவுக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம், இரண்டு வேளை. 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 75 முதல் 90 மில்லிகிராம். ஏற்கெனவே பழகிய நாய்க்குத் திடீரென்று குறைத்தால் வலிப்பு தொடர்ச்சியாக வரலாம்.

எண் உறுத்தினால் மருத்துவரிடமே கேளுங்கள். எந்த விலங்கினம், இன்றைய எடை எவ்வளவு, எந்த நோய்க்கு என்று மூன்றையும் கேட்டுச் சீட்டிலேயே குறித்து வையுங்கள். கால்நடை மருந்துக் கையேட்டில் அந்த இனத்துக்கான பத்தியைத் திறந்து பாருங்கள். மனித மருந்துக் கையேடு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. மருத்துவர் கிடைக்காவிட்டால் தைராய்டு மருந்து ஒரு நாள் காத்திருக்கலாம். வலிப்பு மருந்து காத்திருக்காது: முந்தைய டோஸ் பதிவில் இருந்தால், சட்டம் இடம் தரும் அளவுக்கு, அதே டோஸில் அடுத்த வேளைகளுக்காவது கொடுத்தனுப்புங்கள்.

மனித டோஸின் மீதான இதே நம்பிக்கை எதிர்ப்பக்கமும் கொல்லும். பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை உயிரைப் பறிக்கலாம். அதைக் கழிக்கத் தேவையான குளுகுரோனைடு வழி பூனையின் கல்லீரலில் மிகப் பலவீனம்.

சிரப்பின் இனிப்பு

வலிக்கும் வலிப்புக்கும் தரும் கபாபென்டினின் மனிதத் திரவ வடிவம் ஒன்றில், ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் மருந்தோடு 300 மில்லிகிராம் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் இருக்கிறது. 5 கிலோ நாய்க்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 2 மில்லி கொடுத்தால் 600 மில்லிகிராம் சைலிட்டால், அதாவது கிலோவுக்கு 0.12 கிராம். கிலோவுக்கு ஏறத்தாழ 0.1 கிராமிலேயே நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரியத் தொடங்கும். மருந்தின் டோஸ் சரி, நாய் மட்டும் மயங்கிக் கிடக்கும். எல்லாக் கம்பெனித் தயாரிப்பிலும் சைலிட்டால் இருக்காது. அதனால்தான் பாட்டில் மாறும்போதெல்லாம் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

இன்சுலின் சிரிஞ்சு

விலங்குகளுக்கான இன்சுலின்கள் பலவும் யு-40, அதாவது ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்குப் பெரும்பாலும் யு-100, மில்லிக்கு 100 யூனிட். யு-100 இன்சுலினை யு-40 சிரிஞ்சில் 4 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட். யு-40 இன்சுலினை யு-100 சிரிஞ்சில் 4 கோடு வரை இழுத்தால் 1.6 யூனிட்தான். மருந்தையும் சிரிஞ்சையும் ஒரே பையில் போட்டுக் கொடுங்கள்.

எஸ்ஐடி

கால்நடைச் சீட்டில் இதற்குப் பொருள் நாளுக்கு ஒருமுறை. பிஐடி (இரண்டு வேளை) என்றோ க்யூஐடி (நான்கு வேளை) என்றோ படிக்காதீர்கள்.

கலந்து தயாரிப்பதைச் சமையல் என்று நினைப்பது

மாத்திரையை மருந்தகத்திலேயே பொடித்து, கோழி வாசனை சேர்த்துத் திரவமாக்கினால் வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் உண்டு. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துச் செய்த திரவம் ஏழு நாளுக்கு மேல் வீரியத்தோடு நிற்பதில்லை. அதை ஒரு மாதத்துக்கு ஊற்றிக் கொடுத்தால் மூன்று வாரம் போவது பெரும்பாலும் வாசனைத் தண்ணீர். மூலப்பொடியில் இருந்து செய்த இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை. பூனையின் காது மடலில் தடவும் ஜெல், தைராய்டு மிகைக்கான மெதிமசோலுக்குப் பலன் தருகிறது என்பதால், எல்லா மருந்துக்கும் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தடவுகிறவர் கையுறை போட வேண்டும். இதைச் சொல்லாமல் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் செத்தன. கலந்து தயாரித்த ஊட்டமருந்தில் ஒரு பொருளின் அளவு தவறு. குதிரைகளின் உடலில் செலினியம் நச்சளவில் இருந்தது.

தப்பான படிப்பில் சேர்வது

கால்நடை மருந்தாளுநர் வேறு, கால்நடை மருந்தியல் நிபுணர் வேறு. கால்நடை மருத்துவப் பட்டம் இல்லாமல் அமெரிக்காவின் கால்நடை மருத்துவ மருந்தியல் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பின் சான்றுக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. பார்மசி பட்டதாரிக்கான பாதை, அமெரிக்காவின் டேவிஸ், விஸ்கான்சின்-மேடிசன் போன்ற கால்நடை போதனா மருத்துவமனைகளில் செய்யும் ஓராண்டு ரெசிடென்சிப் பயிற்சி. பிறகு பணி அனுபவம், அதன் மேல் கால்நடை மருந்தாளுநர்களுக்கான சர்வதேசக் கால்நடை பார்மசி கல்லூரியின் தேர்வு. ரெசிடென்சி இடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. அது கிடைக்காதவர்களுக்குத் தயாரிப்பு மருந்தகம், மருந்துக் கம்பெனிகளின் பக்கவிளைவுக் கண்காணிப்பு, ஒழுங்குமுறை அலுவலகம் என்று வேறு வேலைகள் உண்டு. அங்கிருந்தும் தேர்வுக்கான அனுபவம் சேர்க்கப் பார்க்கலாம்.

நாய் பூனையோடு நின்றுவிடுவது

பால் மாடும் இறைச்சிக் கோழியும் தெரியாதவருக்குப் பாதி வேலைகள் மூடிக்கிடக்கும். லேபிளில் போட்டிருக்கும் விலக்கு நாள்கள் (கடைசி டோஸுக்குப் பிறகு பாலையோ இறைச்சியையோ விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள்கள்), லேபிளில் சொன்ன இனம், டோஸ், செலுத்தும் வழி மூன்றும் மாறாத வரைக்கும்தான் செல்லும். டோஸை இரட்டித்தால் விலக்கு நாளையும் இரட்டித்தால் போதும் என்பது ஆபத்தான கணக்கு. திசுவில் மருந்து தங்கும் காலம் அப்படி நேர்கோட்டில் போகாது. அமெரிக்காவில் லேபிளுக்கு வெளியே மருந்து தருவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் நீட்டித்த விலக்குக் காலத்துக்கு அறிவியல் ஆதாரம் கேட்கும். அந்தக் கணக்கைப் போட்டுத் தர ஃபாராட் என்ற, உணவு விலங்குகளின் மருந்து எச்சங்களுக்கான தரவு மையம் இருக்கிறது. மருத்துவர் அங்கே கேட்பதற்கு முன் மருந்து, டோஸ், வழி, எத்தனை நாள், எந்த இனம், பாலா இறைச்சியா என்ற ஆறையும் எழுதித் தயாராக வைத்திருப்பது மருந்தாளுநரின் வேலை.