கன்று போட்ட மாடு சினை பிடிக்கத் தாமதமாகிறதா? தீவனத்தில் நடக்கும் தவறுகள்

இறைச்சிக்கு வளர்க்கும் மாடு ஆண்டுக்கு ஒரு கன்று போட வேண்டுமென்றால் நாள் கணக்கு ரொம்ப நெருக்கமானது. சினைக்காலமே சுமார் 283 நாள். மீதி 82 நாளில் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 40 நாள் போய்விடும். சினைக்கு ஏற்ற பருவம் 21 நாளுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், கையில் இருப்பது இரண்டே வாய்ப்பு.

அதனால் "கன்று போட்ட பிறகு நன்றாகத் தீனி போட்டுத் தேற்றிவிடலாம்" என்று இருந்துவிடுவதைத்தான் மிகப் பெரிய தவறு என்பேன். மாட்டின் உடல் தீனியை ஒரு வரிசைப்படிதான் செலவிடும். முதலில் தன் உயிர் பிழைப்பு, இளம் மாடாக இருந்தால் வளர்ச்சி, அப்புறம் கன்றுக்குப் பால். அடுத்த சினை கடைசியில்தான். ஈன்ற இரண்டு மாதத்துக்குள் பால் உச்சத்துக்குப் போகும். அதே வேகத்தில் மாட்டால் தின்ன முடியாது. குறைவதை உடம்புக் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கும். கரைக்கக் கொழுப்பு இல்லாத மாட்டில், முட்டையை வெளியேறச் செய்யும் ஹார்மோனை மூளை போதிய அளவு சுரக்க விடாது. மாடு பருவத்துக்கே வராது.

உடல் நிலையை 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பிடும் முறையில், ஈனும்போது வளர்ந்த மாடு 5-லும், தலையீற்றுக் கிடேரி 6-லும் இருப்பது நல்லது. ஒரு புள்ளி ஏற்ற, மாட்டின் அளவைப் பொறுத்து, 35 முதல் 45 கிலோ வரை எடை கூட வேண்டும். பால் கொடுக்கும் மாட்டில் அது பெரும்பாடு. முந்தைய கன்றைப் பால் மறக்கடித்த பிறகு, அடுத்த ஈற்றுக்கு முன் கிடைக்கும் மாதங்களில் இதைச் சுலபமாகச் செய்யலாம். தூரத்தில் நின்று பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். அடர்ந்த ரோமமும் நிறைந்த வயிறும் ஏமாற்றும். விலா, முதுகெலும்பு, வாலடி மூன்றையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

சரி, நல்ல உடம்போடு ஈன்ற மாட்டை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. ஈன்ற பின் வேகமாக இளைத்தால் அதனாலும் சினை பிடிப்பது குறையும்.

தலையீற்று மாடுகளைப் பெரிய மாடுகளோடு சேர்த்துத் தீனி போடுவது அடுத்த தவறு. அவை இன்னும் வளர்கின்றன, பல்லும் மாறுகிறது, தொட்டியில் பெரிய மாடுகள் முட்டித் தள்ளிவிடும். பருவத்துக்குத் திரும்பவும் இவற்றுக்குத்தான் அதிக நாளாகும். தனியாகக் கட்டித் தீனி கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வெறும் வைக்கோலால் வயிற்றை நிரப்புவதும் உதவாது. தீவனத்தில் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். நார் செரிக்காது, மாடு தின்பதும் குறைந்துவிடும். அங்கே தானியத்தைக் கொட்டினால் நார்ச் செரிமானம் இன்னும் கெடும். முதலில் புண்ணாக்கு மாதிரி புரதம் கொடுங்கள். எரிசக்திக்காக எண்ணெய், கொழுப்பு சேர்ப்பவர்கள், உலர் எடையில் மொத்தக் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தளதளவென்ற இளம்புல்லை மட்டும் நம்பாதீர்கள், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

செம்பு, துத்தநாகம், செலினியம், பாஸ்பரஸ் குறைந்தாலும் சினை தள்ளிப்போகும். தாது உப்புக் கலவை அவசியம்தான், ஆனால் இளைத்த மாட்டுக்குத் தீனிக்குப் பதில் அது ஆகாது.

கன்று மடி முட்டிப் பால் குடிப்பதே பருவத்தைத் தள்ளிப்போடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மிகவும் இளைத்த மாடுகளில் கன்றைச் சீக்கிரமே பால் மறக்கடித்தால் பலன் கிடைக்கும். அப்போது கன்றுக்கு ஏற்ற தீவனம் தயாராக இருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருந்தும் பல மாடுகள் சினை பிடிக்கவில்லை என்றால் தீவனத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். காளையையும் நோய்களையும் கால்நடை மருத்துவரை வைத்துப் பரிசோதியுங்கள்.