கோல்ஃபில் எதிர்க்காற்றில் பந்தைத் தாழ்வாக அடிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் சவுத் யூயிஸ்ட் தீவில் 1891இல் கோல்ஃப் வீரர் ஓல்ட் டாம் மாரிஸ் வடிவமைத்த ஆஸ்கெர்னிஷ் போன்ற, லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணற்பாங்கான கோல்ஃப் திடல்களில் காற்றுக்குத்தான் முதல் மரியாதை. ஓங்கி அடித்தால் பின்சுழற்சி கூடும். பந்து மேலேறி அந்தரத்தில் நின்று, செங்குத்தாக விழும்.

வழக்கமாக 7 அயர்ன் மட்டை எடுக்கும் இடத்தில், பந்தைத் தாழ்வாக அனுப்பும் 5 அயர்ன் எடுங்கள். பிடியை ஓர் அங்குலம் கீழிறக்குங்கள். வலக்கைக்காரர் பந்தை ஒரு பந்தளவு வலதுகாலை நோக்கி வைக்க வேண்டும். முக்கால் வீச்சு, அதுவும் நிதானமாக.

தரை இறுக்கமானது, கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரைக்கு) முன்பே விழவைத்து உருளவிடுங்கள். கிரீனை ஒட்டிய குட்டைப் புல்லில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையே உத்தமம். பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் தரையில் பட்டுத் துள்ளி, விளிம்பு பந்தின் நடுவில் இடித்துவிடும்.

ஆழமான பாட் பங்கரில் (சிறிய மணல் பள்ளத்தில்) பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால், குழியைக் காட்டும் கொடியை மறந்து பக்கவாட்டில் வெளியேறுங்கள்.