முன்பணம் கொடுப்பதற்கு முன்பு: குழுச் சுற்றுலா செல்வோருக்கு ஒரு கையேடு

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போதே வேலூரிலும் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் சுவர்களில் சுற்றுலாத் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டுவிடும். காசி, கயா, பிரயாகை ஒன்பது நாள். அறுபடை வீடு நான்கு நாள். நவக்கிரகத் தலங்கள் இரண்டு நாள். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கக் கூடியவர்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா ஆறு நாள் என்று வகை வகையாக அறிவிப்பார்கள். எல்லாவற்றின் அடியிலும் ‘உணவு, தங்குமிடம், போக்குவரத்து அனைத்தும் எங்கள் பொறுப்பு’ என்ற ஒரே வாசகம் இருக்கும். இப்படிப்பட்ட பயணங்களில் ஏழெட்டு முறை சென்று, சிலவற்றை மகிழ்ச்சியோடும் சிலவற்றை எரிச்சலோடும் முடித்துத் திரும்பியவன் என்ற முறையில், முன்பணம் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

அந்த வாசகத்தின் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் அடுத்த வேளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்துவந்த ஒரு பெண்மணிக்கு, ஒன்பது நாள் யாரோ சமைத்துப் பரிமாற உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய விடுமுறை. இந்தி தெரியாத, கைப்பேசியில் அறை பதிவு செய்யத் தெரியாத, பிள்ளைகளை வெளியூரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, இந்த ஏற்பாடு இல்லையென்றால் கங்கையே கிடையாது. ஆனால் நாம் விலை கொடுத்து வாங்குவது, நம் நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று வேறொருவர் எடுத்த முடிவுகளைத்தான். பயணம் தொடங்கிய பிறகு அந்த முடிவுகளை மாற்ற முடியாது. ஆகவே துண்டறிக்கையை வீட்டிலேயே ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இந்தப் பழக்கம் ஏற்பட்டது ஒரு காசிப் பயணத்தில் ஏமாந்த பிறகுதான். ‘காசியில் இரண்டு நாள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நானும் இரண்டு மாலை கங்கை ஆரத்தி பார்க்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். முதல் நாள் இரவு பத்து மணிக்குப் பேருந்து ஊருக்குள் நுழைந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் கயாவுக்குப் புறப்பட்டது. தேதிகள் இரண்டு என்பதால் கணக்குப்படி அது இரண்டு நாள்தான். எனவே ‘நாள் 4: காசி வருகை’ என்று எழுதியிருந்தால், எத்தனை மணிக்கு வருகை என்று கேளுங்கள். ‘நாள் 5: புறப்பாடு’ என்று இருந்தால், எத்தனை மணிக்குப் புறப்பாடு என்று கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் தூக்கம், குளியல், சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே நீங்கள் பணம் கட்டும் காசி.

இந்தக் கணக்கு நம் மாநிலத்துக்குள் செல்லும் கோயில் பயணங்களுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதில் திங்களூர் திருவையாற்றுப் பக்கம் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்ப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலான கோயில்களில் நண்பகலை ஒட்டி நடை சாத்தி மாலை நான்கு மணி அளவில்தான் மீண்டும் திறப்பார்கள். வேலூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேரவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் நிலையில், ஒரே பகலில் ஒன்பதையும் காட்டுவதாக யாராவது சொன்னால், அவர் சில கோயில்களின் கோபுரத்தை மட்டுமே காட்டப்போகிறார் என்று பொருள். ஒவ்வொரு தலத்தின் பெயருக்கும் எதிரே சென்று சேரும் நேரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பணம் கட்ட வேண்டாம். திருநள்ளாறு புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலில் இருப்பதால், வேனுக்கான பர்மிட் செலவு யாருடையது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லையில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வசூல் நடக்கும்.

வடநாட்டுப் பயணம் என்றால் ரயில் சீட்டில்தான் பாதிச் சிக்கல் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. ஆகவே ஐந்து மாதத்துக்குப் பின்னால் உள்ள பயணத்துக்கு ‘டிக்கெட் எல்லாம் போட்டாச்சு’ என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்க முடியாத காரியம். 60 நாள் வரம்புக்குள் வந்ததும் பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, இடம் உறுதியாகியிருக்கிறதா, ஆர்ஏசியா (படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம்), காத்திருப்புப் பட்டியலா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதில் பலரும் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உரிய கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரு சீட்டில் அப்படிப்பட்ட ஒருவரோ இருவரோ மட்டும் பயணம் செய்யும்போதுதான் கிடைக்கும். ஏற்பாட்டாளர் வேலையைச் சுருக்கிக்கொள்ள ஆறு ஆறு பேராகச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டால், முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மாவுக்கு மேல்படுக்கை வந்து சேரும். முதியவர்களை இரண்டிரண்டு பேராகப் பதிவு செய்யுமாறு முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, ‘அனைத்தும்’ என்ற சொல்லுக்குள் எவை அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும். பிரயாகையில் சங்கமத்துக்குச் செல்லும் படகு, கயாவில் பிண்டம் போடப் புரோகிதர் தட்சணை, சிறப்புத் தரிசனக் கட்டணம், சுமை தூக்குபவர் கூலி, காசியின் சந்துகளுக்குள் பேருந்து நுழையாது என்பதால் பிடிக்க வேண்டிய ரிக்‌ஷா ஆகியவை பெரும்பாலும் கணக்கில் வராதவை. அறை என்றால் எத்தனை பேருக்கு ஓர் அறை, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, மேற்கத்திய முறையா, மாடி ஏற வேண்டுமா, லிஃப்ட் உண்டா என்பனவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தனியாக வரும் பெண்களை யாருடன் தங்கவைப்பார்கள் என்பதும் கேட்டே தீர வேண்டிய கேள்வி. இவற்றுக்கெல்லாம் ‘பார்த்துக்கலாம் சார்’ என்று விடை வந்தால், அந்தச் சொல்லுக்கு ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் பின்னால் பொருளாகும்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்து ஏற்பாட்டாளர்கள் பலர் சமையல்காரரையும் பாத்திரங்களையும் மளிகையையும் உடன் கொண்டுசெல்கிறார்கள். நான்கு நாள் ரொட்டிக்குப் பிறகு, ஏதோ ஒரு சத்திரத்து முற்றத்தில் சுடச்சுடச் சோறும் வற்றல் குழம்பும் அப்பளமும் இலையில் விழும்போது எழும் மகிழ்ச்சியை எந்த ஓட்டலும் தர முடியாது. (காசியில் ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிடுவது வழக்கம் அல்லவா? எங்கள் குழுவில் பாகற்காயை விட்டவர்கள் பலர். எங்கள் ஊர் முள் கத்திரிக்காயை விடுவதற்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.) ஆனால் அந்த அடுப்பு எங்கே எரிகிறது என்பதைக் கவனியுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் ஒன்பது பேர் இறந்தனர். விதியை மீறி உள்ளே கொண்டுவரப்பட்ட எரிவாயு உருளைதான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது. ரயிலில் சிலிண்டரோ மண்ணெண்ணெய் அடுப்போ ஏற்றப்படுவதைக் கண்டால், நமக்குக் காப்பி கிடைக்கும் என்று சும்மா இருந்துவிடக் கூடாது. சமையல் தங்குமிடத்தில் மட்டும்தான் நடக்கும் என்பதைப் பணம் கட்டும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

சாலைப் பயணத்தில் வண்டியின் எண் பலகையைப் பாருங்கள். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியைக் குறைந்த வாடகைக்குப் பிடித்து அனுப்பினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதுவே வழியாகிவிடும். இரவு முழுவதும் ஓடும் பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர்கள் உண்டா என்றும் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, பெயரின் பெருமையை மட்டும் நம்ப முடியாது. குழுச் சுற்றுலாவைத் தொழிலாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான தாமஸ் குக், 1841 ஜூலை 5 அன்று சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். அவர் வழிவந்த பிரிட்டன் நிறுவனம் 2019 செப்டம்பரில் ஒரே இரவில் மூடப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பிரிட்டானியப் பயணிகள் வெளிநாடுகளில் நின்றார்கள். அவர்களை அந்நாட்டு அரசே விமானம் அமர்த்தி மீட்டது. இந்தியாவில் அதே பெயரில் இயங்கும் நிறுவனம் வேறு உரிமையாளருடையது, அதற்கும் இந்த வீழ்ச்சிக்கும் தொடர்பில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், ஒரு கைப்பேசி எண்ணையும் ஒரு சுவரொட்டியையும் மட்டுமே முதலாகக் கொண்டவரிடம் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவது? முன்பணத்தைச் சிறிதாக வையுங்கள். ரயில் சீட்டு உறுதியானதும் ஒரு பகுதி, புறப்படும் வாரத்தில் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்குக்கோ யுபிஐ வழியாகவோ கட்டி, ஜிஎஸ்டி எண்ணுள்ள ரசீதைக் கேளுங்கள். பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது ரசீதிலோ தனித் தாளிலோ எழுதப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுத் தொகுப்புகளுக்கு டிசிஎஸ் என்ற பெயரில் ஒரு வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம் என்பதால், அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

வாக்களித்தபடி நடக்கவில்லை என்றால், துண்டறிக்கையும் ரசீதும் வாட்ஸாப் உரையாடலும்தான் சான்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்பாட்டாளரின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட்டுவிட வேண்டும்.

உடம்பைப் பற்றி நாம் காட்டும் மெத்தனம் பெரிது. கேதார்நாத் கடல் மட்டத்திலிருந்து 3,583 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏற வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். வேலூர்ச் சமவெளியில் கோட்டையைச் சுற்றி நடந்த பழக்கம் அங்கே காப்பாற்றாது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் பணம் கட்டிய பிறகு மருத்துவரிடம் போவதில் பயனில்லை, கட்டுவதற்கு முன்பே போக வேண்டும். காசிக்கு மே மாதத்தில் செல்வது வேலூர் வெயிலுக்குப் பயந்து அடுப்புக்குள் புகுவது போன்றது. டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடநாட்டு ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். மழைக்காலத்தில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும். அக்டோபர் கடைசி, நவம்பர், பிப்ரவரி ஆகியவை எனக்கு ஒத்துவந்த காலங்கள். முக்திநாத்தையும் சேர்த்து நேபாளம் செல்பவர்கள் கடவுச்சீட்டையோ வாக்காளர் அட்டையையோ எடுத்துச் செல்ல வேண்டும். சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குக் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புறப்பட்ட பிறகு செய்யக்கூடியவை குறைவு. பேருந்தில் கடைசி வரிசை யாருக்கு என்பதில்தான் முதல் சண்டை வரும். நாள்தோறும் இரண்டு வரிசை தள்ளி உட்காரும் சுழற்சி முறையை முதல் நாள் காலையிலேயே எல்லாரும் கேட்கும்படி முன்மொழிந்துவிட்டால், பத்து நாள் மனக்கசப்பைத் தவிர்க்கலாம். பட்டுப் புடவைக் கடைக்கும் உருத்திராட்சக் கடைக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக் கோயிலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், கடைக்காரர் தரும் கமிஷன் அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கடைக்குள் போகாமல், டூர் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அருகில் உள்ள படித்துறைக்கு இருவர் மூவராக நடந்துவருவதில் தவறில்லை. தங்குமிடத்தின் பெயரும் அவருடைய எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொருவர் சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்கட்டும். கைப்பேசியின் உயிர் போய்விட்டால் அந்தச் சீட்டுதான் வழி காட்டும்.

கடைசியாக, திரும்பும் இரவு. ஏற்பாட்டாளரின் பொறுப்பு பெரும்பாலும் காட்பாடி நடைமேடையோடு முடிந்துவிடும். ரயில் அங்கே நிற்பது சில நிமிடங்களே. நாற்பது பேர், கங்கைச் செம்புகள், சமையல் பாத்திரங்கள் எல்லாம் அதற்குள் இறங்கியாக வேண்டும் என்பதால், முந்தைய நிலையத்திலேயே மூட்டைகளைக் கதவருகே சேர்த்துவிடுங்கள். அதிகாலை இரண்டரை மணிக்கு சத்துவாச்சாரிக்கோ பாகாயத்துக்கோ போக ஆட்டோக்காரர் கேட்கும் தொகையைப் பேரம் பேசும் தெம்பு அப்போது யாருக்கும் இருக்காது. மருமகனையோ பக்கத்து வீட்டுத் தம்பியையோ வண்டியோடு வந்து நிற்கும்படி முந்தின நாள் மாலையே சொல்லிவையுங்கள்.