போன் லாக் மறந்துபோச்சா? ரீசெட் பட்டனைத் தொடும் முன் இதைப் படியுங்கள்

கசப்பான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய ஆண்ட்ராய்டு போனிலோ ஐபோனிலோ ஸ்கிரீன் லாக் மறந்துவிட்டால், உள்ளே இருப்பதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு லாக்கை மட்டும் எடுத்துத் தர கடைக்காரரால் முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டராலும் முடியாது. கீழே வரும் ஓரிரு விதிவிலக்குகள் தவிர, போனை அழித்துவிட்டுத்தான் (இதைத்தான் ரீசெட் என்கிறோம்) திறக்க வேண்டும். ஆனால் எதை முதலில் செய்கிறோம், எதை அடுத்து செய்கிறோம் என்பதில்தான் உங்கள் போட்டோக்கள் பிழைப்பதும் போவதும் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் பதற்றத்தில் நேராக ரீசெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

ஏன் அழிக்காமல் முடியாது? நீங்கள் போடும் பின் எண் (PIN) வெறும் வாசல் பூட்டு அல்ல. போனில் இருக்கும் எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டுத்தான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவில்தான், சேமிக்கப்படுகிறது. அதைத் திரும்பப் படிக்க வேண்டிய சாவி உங்கள் பின்னையும், போன் சிப்புக்குள் இருக்கும் ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துத்தான் உருவாகிறது. பின் இல்லையென்றால் சாவியே இல்லை. ஆண்ட்ராய்டு 4.4 வரை, பேட்டர்னைத் தப்பாகப் போட்டால் 'ஃபர்காட் பேட்டர்ன்' என்று வரும், ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய்விடலாம். 5.0 வந்தபோதே அந்த வசதி போய்விட்டது. யூடியூபில் இன்னும் அந்தப் பழைய வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில், கேட்பது எந்த லாக்?

சிரிக்காதீர்கள், இதில் ஏமாறுபவர்கள் நிறைய. போனை ஆஃப் செய்து ஆன் செய்தபின் கேட்பது சில சமயம் சிம் கார்டின் பின்னாக இருக்கும். திரையில் 'சிம் பின்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதுவாக இருந்தால் போன் பின்னைப் போட்டுப் பார்க்காதீர்கள். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும். அதை உங்கள் சிம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டு வாங்க வேண்டும். பியூகேயையும் 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் அவ்வளவுதான், புது சிம் வாங்க வேண்டியதுதான். இதற்கும் உங்கள் போட்டோக்களுக்கும் சம்பந்தமே இல்லை, போனை அழிக்கத் தேவையும் இல்லை.

விரலுக்கு ஞாபகம் இருக்கலாம்

போன் லாக்தான் என்று உறுதியானால், கொஞ்ச நேரம் போனைக் கீழே வையுங்கள். பின்னும் பேட்டர்னும் மனதைவிட விரலில்தான் பதிந்திருக்கும். வழக்கமாகப் பிடிக்கும் கையில், வழக்கமாகப் பிடிக்கும் விதத்தில் பிடித்து, யோசிக்காமல் போட்டுப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். பேட்டர்னை மாற்றியதே அவர்களாக இருக்கலாம், மாற்றாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்துகள் கொண்ட பாஸ்வேர்டு என்றால் கீபோர்டு தமிழில் மாறிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்மூடித்தனமாகப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. பொதுவாக ஆண்ட்ராய்டில் 5 முறை தவறினால் 30 நொடி காக்க வைக்கும், தொடர்ந்தால் காத்திருப்பு ஏறிக்கொண்டே போகும். ஐபோனில் 1 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று நீண்டு, கடைசியில் முழுதாகவே பூட்டிக்கொள்ளும். என்னென்ன போட்டுப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் அதே நாலு எண்ணையே சுற்றிச் சுற்றிப் போடுவோம்.

ஐபோன்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு. நேற்றோ முந்தாநாளோ பாஸ்கோடை மாற்றி, புதியதுதான் மறந்துவிட்டது என்றால், ஐஓஎஸ் 17 முதல் 72 மணி நேரத்துக்குள் பழைய பாஸ்கோடை வைத்தே உள்ளே போகலாம். சில முறை தவறியபின் திரையின் கீழே 'ஃபர்காட் பாஸ்கோட்' வரும். அதைத் தொட்டால் பழையதைப் போடும் வழி இருக்கும். எதையும் அழிக்காது.

கைரேகை இன்னும் வேலை செய்கிறதா? போனை ஆஃப் செய்யாதீர்கள்

இந்தப் பதிவில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பின் மறந்துவிட்டது, ஆனால் கைரேகையோ முகமோ வைத்தால் போன் திறக்கிறது என்றால், உங்கள் தரவு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் அது அதிக நேரம் நிலைக்காது. போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலோ, சார்ஜ் தீர்ந்து அணைந்தாலோ கைரேகை செல்லாது, பின் கேட்கும். ரீஸ்டார்ட் செய்யாவிட்டாலும், ஆண்ட்ராய்டில் கடைசியாகப் பின் போட்டு 72 மணி நேரம் ஆனால் கட்டாயம் கேட்கும். அதனால் உடனே சார்ஜரில் போடுங்கள், 'அப்டேட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பிறகு வேகமாக வேலையை ஆரம்பியுங்கள்.

கைரேகை வைத்து உள்ளே போய் பின்னை மாற்றிவிடலாமே என்று தோன்றும். முடியாது, பழைய பின்னைக் கேட்கும். செய்ய வேண்டியது தரவை வெளியே எடுப்பது. கூகுள் போட்டோஸைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேக்கப் ஓடி முடிந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வைஃபையில் போட்டு ஓடவிடுங்கள். வீடியோ நிறைய இருந்தால் யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரில் இணைப்பதே வேகம்: கைரேகையால் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுத்து, கேமரா படங்கள் இருக்கும் 'டிசிஐஎம்' (DCIM) என்ற ஃபோல்டரையும் வாட்ஸ்அப் படங்கள் இருக்கும் ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய் கூகுள் கணக்குக்கு பேக்கப் எடுங்கள். எந்த ஜிமெயிலுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பழைய ஆபீஸ் மெயிலாகக்கூட இருக்கும். காண்டாக்ட்ஸில் எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, 'போன்' என்ற இடத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனில் மட்டும் இருந்தால் எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். லாகின் செய்யும்போது போட வேண்டிய கோடுகளைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால், அதில் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதில் உள்ள கோடுகள் ரீசெட்டோடு போய்விடும்.

கடைசியாக, போன் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, இந்த போனில் எந்தெந்த ஜிமெயில் இருக்கிறது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியாமல் ரீசெட் செய்யாதீர்கள்

2015இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்தபோது ஒரு பாதுகாப்பு சேர்ந்தது. எஃப்ஆர்பி (ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன்) என்பார்கள். பட்டன்களைப் பிடித்து வரவைக்கும் ரெக்கவரி மெனு வழியாகவோ தூரத்திலிருந்தோ போனை அழித்தால், திரும்ப ஆன் ஆகும்போது ஏற்கெனவே அந்த போனில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். பழைய பின்னையும் ஏற்கும், அது நமக்குத்தான் தெரியாதே. திருடன் அழித்து விற்காமல் இருக்க வைத்த பூட்டு இது. ஆனால் கடையில் போன் வாங்கும்போது கடைப்பையனே ஒரு ஜிமெயில் உருவாக்கிக் கொடுத்து, அதன் பாஸ்வேர்டை யாரும் எழுதி வைக்காத வீடுகளில், மாட்டிக்கொள்வது அப்பாவும் அம்மாவும்தான்.

ஆகவே வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ அந்த ஜிமெயிலில் லாகின் செய்து பாருங்கள். முடிந்தால் நல்லது. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். நீங்கள் ஏற்கெனவே அந்தக் கணக்கைப் பயன்படுத்திய கம்ப்யூட்டர், உங்கள் வீட்டு வைஃபை என்று பழக்கப்பட்ட இடத்திலிருந்து செய்தால் கூகுள் நம்புவதற்கு வாய்ப்பு அதிகம். ஓடிபி வர வேண்டுமே என்றால், பூட்டிய போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் என்றால் கழற்ற முடியாது, மீட்பு மெயில் போன்ற மற்ற வழிகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் உடனே ரீசெட் செய்யாதீர்கள். 24 மணி நேரம் பொறுங்கள். புதிதாக மாற்றிய பாஸ்வேர்டை எஃப்ஆர்பி திரை அதற்கு முன் ஏற்காது.

காத்திருக்கும் நேரத்தில் இரண்டு வேலை. மெமரி கார்டு இருந்தால் கழற்றி வையுங்கள். அதில் உள்ள படங்களைப் பெரும்பாலும் கார்டு ரீடரில் போட்டுப் பார்க்க முடியும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் ஏற்கெனவே திறந்திருந்தால், போன் இல்லாமலே 14 நாள் வரை அது ஓடும். ரீசெட்டுக்குப் பின் போனில் வாட்ஸ்அப்பைப் புதிதாகப் பதிவு செய்தால் அது லாக் அவுட் ஆகிவிடும். அதனால் முக்கியமான மெசேஜ்களையும் ஆவணங்களையும் இப்போதே இறக்கி வையுங்கள்.

ஆண்ட்ராய்டை அழித்துத் திறப்பது

சாம்சங் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு நிமிடம். சாம்சங் அக்கவுண்ட் போட்டு, 'ரிமோட் அன்லாக்' வசதியை முன்பே ஆன் செய்திருந்தால், சில மாடல்களில் சாம்சங்கின் தொலைந்த போன் தேடும் தளத்தில் 'அன்லாக்' கொடுத்து அழிக்காமலே திறக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் மற்றவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

போனில் இணையம் இருக்கிறது என்றால் எளிய வழி கூகுளின் ஃபைண்ட் ஹப். ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்ததன் புதுப் பெயர்தான். வேறு கருவியில் அதே ஜிமெயிலில் லாகின் செய்து, உங்கள் போனைத் தேர்ந்தெடுத்து, அழிப்பதற்கான 'ஃபேக்டரி ரீசெட்' கொடுங்கள். அங்கே இருக்கும் 'லாக்' பட்டன் உங்கள் பின்னை மாற்றித் தராது, அதை நம்ப வேண்டாம்.

இணையம் இல்லையென்றால் ரெக்கவரி மோட்:

1. போனைப் பாதிக்கு மேல் சார்ஜ் செய்து ஆஃப் செய்யுங்கள். லாக் திரையில் ஆஃப் செய்ய விடவில்லை என்றால், வால்யூம் டவுனையும் பவரையும் சேர்த்து அழுத்தியே பிடித்திருங்கள். பல போன்களில் சில நொடிகளில் திரை கறுக்கும். கறுத்த கணத்தில் அடுத்த படியில் உள்ள பட்டன்களுக்கு விரலை மாற்றுங்கள்.
2. சாம்சங், ஷாவ்மி என்றால் வால்யூம் அப், பவர் இரண்டையும் பிடியுங்கள். புதிய சாம்சங்கில் யுஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டரில் இணைந்திருந்தால்தான் இது வேலை செய்யும். பலர் தோற்பது இங்கேதான். ஒப்போ, ரியல்மி, பிக்சல் என்றால் வால்யூம் டவுன், பவர்.
3. லோகோ வந்ததும் விடுங்கள். பிக்சலில் வால்யூம் பட்டனால் 'ரெக்கவரி மோட்' வரை நகர்ந்து பவரை அழுத்துங்கள். 'நோ கமாண்ட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம், பவரைப் பிடித்துக்கொண்டே வால்யூம் அப்பை ஒருமுறை தட்டுங்கள்.
4. 'வைப் டேட்டா/ஃபேக்டரி ரீசெட்' வரை வால்யூம் பட்டனால் இறங்கி, பவரால் தேர்ந்தெடுங்கள். ஷாவ்மியில் 'வைப் ஆல் டேட்டா' என்று இருக்கும். ஒப்போ, ரியல்மியில் திரையில் காட்டும் எண்களைத் தட்டச் சொல்லும்.
5. முடிந்ததும் 'ரீபூட் சிஸ்டம் நவ்'. முதல் முறை ஆன் ஆக நேரம் பிடிக்கும், நடுவில் பட்டனை அழுத்தாதீர்கள்.

ஐபோன் என்றால்

ஐஓஎஸ் 15.2 முதல் கம்ப்யூட்டர் தேவையில்லை. தவறான பாஸ்கோடுகள் போட்டபின் வரும் திரையில் 'ஃபர்காட் பாஸ்கோட்' அல்லது 'இரேஸ் ஐபோன்' என்று இருக்கும். அதைத் தொட்டு, ஆப்பிள் அக்கவுண்ட் பாஸ்வேர்டைப் போட்டால் போன் தானே அழித்துக்கொள்ளும். இணையம் கட்டாயம். ரீஸ்டார்ட் ஆன ஐபோன் பாஸ்கோடு போடும் வரை வைஃபையோடு தானாக இணையாது என்பதால், சிம் டேட்டாதான் கைகொடுக்கும். ஆகவே இங்கே சிம்மைக் கழற்ற வேண்டாம்.

அது நடக்கவில்லை என்றால் கம்ப்யூட்டர். போனை ஆஃப் செய்து, ஐபோன் 8 முதல் வந்தவற்றில் சைடு பட்டனையும், 7இல் வால்யூம் டவுனையும், அதற்கு முந்தியவற்றில் ஹோம் பட்டனையும் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகுங்கள். கேபிள் படம் வரும் வரை விடாதீர்கள். மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐடியூன்ஸ் திறந்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் டவுன்லோட் இழுத்தால் போன் ரெக்கவரியை விட்டு வெளியே வந்துவிடும். டவுன்லோட் முடிந்தபின் மறுபடி செய்தால் போதும். முடிந்ததும், எஃப்ஆர்பி போல ஐபோனில் இருக்கும் ஆக்டிவேஷன் லாக் ஆப்பிள் பாஸ்வேர்டைக் கேட்கும். அதுவும் தெரியவில்லை என்றால் வாங்கிய ஒரிஜினல் பில்லோடு ஆப்பிளை அணுகலாம்.

'டேட்டா போகாமல் அன்லாக்' விளம்பரங்கள்

தேடினால் கொட்டும். காசு வாங்கிக்கொண்டு, உள்ளே போய்ப் பார்த்தால் அவையும் ரீசெட்டைத்தான் செய்யும். கடையில் கொடுப்பது தப்பில்லை, பட்டன் பிடிக்கக் கை வராதவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட்டுக் கொடுங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள், அந்தத் திரை வந்தபின் நீங்களே போடுங்கள். பில் கேட்கும் கடைக்காரர் என்றால் கோபப்படாதீர்கள், அவர்தான் நல்லவர்.

திறந்த பிறகு

கூகுள் கணக்கைப் போட்டதும் எண்களும், கூகுள் போட்டோஸில் ஏறியிருந்த படங்களும் வந்துவிடும். பழைய பேக்கப்பிலிருந்து செயலிகளையும் எஸ்எம்எஸ்களையும் எடுக்கப் போனால், ஆண்ட்ராய்டு 9 முதல் பழைய போனின் பின்னைக் கேட்கும். அதுதானே மறந்துபோனது! அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டியதுதான்.

யூபிஐ செயலிகளில் பணம் எதுவும் போகவில்லை, அது வங்கியில்தான் இருக்கிறது. வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மை இதே போனில் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பை நிறுவும் முன், பேக்கப் போன அதே ஜிமெயில் போனில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அதே எண்ணைப் போட்டதும் 'ரீஸ்டோர்' என்று கேட்கும். அங்கே 'ஸ்கிப்' அழுத்திவிடாதீர்கள். அழுத்தினால் செயலியை எடுத்துவிட்டு முதலிலிருந்து நிறுவ வேண்டியிருக்கும். முன்பு வைத்த 6 இலக்க டூ-ஸ்டெப் பின் கேட்டு அதுவும் மறந்திருந்தால், கொடுத்துவைத்த மெயில் வழியாக மாற்றலாம். மெயிலே கொடுக்கவில்லை என்றால் 7 நாள் பொறுத்திருக்க வேண்டும்.