தெருவில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் போலீஸுக்குச் சொல்வது எப்படி?

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு அந்தப் பூட்டிய வீட்டின் காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே எட்டிப் பார்க்கிறார். கத்துவதா, வெளியே ஓடுவதா, போன் போடுவதா? அந்த நேரத்தில் யோசிக்க ஆரம்பித்தால் கை கால் ஓடாது. அதனால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எண்களைப் போனில் பதிந்து வையுங்கள்

அவசரத்துக்கு 100 அல்லது 112. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இணையத்தில் பணம் பறிபோனால் 1930. இதோடு உங்கள் தெரு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்று விசாரித்து, அந்த எண்ணையும் பதியுங்கள். பக்கத்தில் இருப்பதுதான் நம் ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டிருப்போம், எல்லை வேறாக இருக்கும்.

படி 2: ஆளைப் பார்க்காதீர்கள், செய்வதைப் பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். அழுக்குச் சட்டை, புரியாத மொழி, புது முகம் இதெல்லாம் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான அம்மாவை ஊரே சேர்ந்து அடித்தது. அவர் இறந்துபோனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். இரண்டு இடத்திலும் யாராவது ஒருவர் கூட்டத்தைக் கூட்டாமல் 100-ஐக் கூப்பிட்டிருந்தால் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

சொல்ல வேண்டியது இந்த மாதிரி விஷயங்களை: ஒவ்வொரு கேட்டாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போவது, நிறுத்தியிருக்கும் பைக்குகளின் பூட்டை ஆட்டிப் பார்ப்பது, நம்பர் பிளேட் இல்லாத வண்டி ஒரே முனையில் தினமும் நிற்பது, பஸ் ஸ்டாப்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் பை. கேஸ் அடுப்பு செக் பண்ண வந்திருக்கிறோம் என்று சொல்லி, அடையாள அட்டை கேட்டதும் நழுவுபவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: குறித்து வையுங்கள்

கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். “இரவு 11.35, கறுப்பு பைக், நம்பரில் கடைசி நாலு 4471, இரண்டு பேர், ஒருவர் ஹெல்மெட், ரேஷன் கடைப் பக்கம் போனார்கள்.” ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். மறுநாள் காலையில் கறுப்பு நீலமாகிவிடும்.

படி 4: கூப்பிடுங்கள்

போனை எடுப்பவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பார், உங்கள் தெரு அவருக்குத் தெரியாது. அதனால் இடத்தை முதலில் சொல்லுங்கள்: மாவட்டம், ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ. “சார், பூட்டிய வீட்டுச் சுவர் ஏறி ஒருவர் உள்ளே குதித்தார், இப்போதும் உள்ளேதான் இருக்கிறார்” என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “திருடன்” என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். அவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.

படி 5: அப்புறம் வீட்டுக்குள் இருங்கள்

துரத்த வேண்டாம். போட்டோ எடுத்துத் தெரு குரூப்பில் போடவும் வேண்டாம். கையும் களவுமாகப் பிடிபட்டாலும் அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. பொதுமக்கள் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

படி 6: கேமரா பதிவு

வீட்டில் சிசிடிவி இருந்தால் இன்றே அதன் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் தப்பாக ஓடினாலே விசாரணையில் குழப்பம். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், உடனே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

படி 7: எழுத்தில் கொடுப்பது

திருட்டு நடந்தே விட்டதென்றால் நேரில் புகார் எழுதிக் கொடுங்கள். மனுவுக்கு சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு, கேட்டு வாங்குங்கள். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் உங்களுக்கு இலவசம். “இது எங்கள் எல்லை இல்லை” என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம். பதிய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்னொன்று. நீங்களே ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் முகவரியையும் திரும்பி வரும் தேதியையும் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து போகிறவர்கள் உங்கள் வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். வந்து சேர்ந்ததும் ஒரு போன் போட்டு “வந்துவிட்டோம்” என்று சொல்லுங்கள். ராத்திரி ரோந்தில் அந்த நேரம் வேறொரு பூட்டிய வீட்டுக்குக் கிடைக்கும்.