கனத்த எஸ்யூவியில் காட்டுத்தடம் போகும் முன்

இரும்பு பம்பர், வின்ச் (புதைந்த வண்டியை வடத்தால் இழுத்தெடுக்கும் மோட்டார் உருளை), கூரைக் கூடாரம், இரண்டாம் பேட்டரி, கூடுதல் டீசல் டேங்க் என ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்த வண்டி, ஷோரூமிலிருந்து வந்த அதே வண்டி அல்ல. ஆகவே தண்ணீர், எரிபொருள், பயணிகள், சாமான்கள் அனைத்தோடும் அதை எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் எடுத்துச் செல்லும் 60 லிட்டர் தண்ணீரே 60 கிலோ ஆகிவிடும். ஸ்பிரிங்கை வலுவாக்கினால் வண்டியின் பின்பக்கம் தொய்யாது. ஆனால் அனுமதித்த எடை அதனால் மட்டும் கூடிவிடாது. கனமானவற்றைக் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வைத்து இறுகக் கட்டுங்கள்.

தடம் தொடங்கும் இடத்திலேயே டயர் காற்றைக் குறைத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு இதைத் தவிர்ப்பவர்களே பிற்பாடு வின்ச்சைத் தேடுகிறார்கள். கல் தடத்துக்கு 25 முதல் 28 பிஎஸ்ஐ, மணலுக்கு 18 முதல் 20 என்று தொடங்கலாம். கனத்த வண்டியில் 15க்குக் கீழே இறங்கினால், திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். காற்று குறைந்த டயரைக் குனிந்து பாருங்கள்: பக்கச்சுவர் சற்றே பிதுங்கி, தரையில் பதியும் பகுதி முன்னும் பின்னுமாக நீண்டிருக்கும். பிடிமானம் கிடைப்பது பெரும்பாலும் அந்த நீளத்தினால்தான். வேகத்தைக் குறைத்தே ஓட்டி, தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்புங்கள்.

செங்குத்தான இறக்கத்தில் லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் நிலையில்) முதல் கியரைப் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் பயன்படாது. கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே வைக்காதீர்கள்; பாறையில் சக்கரம் மோதி வளையம் சுழன்றதில் என் விரல் இரண்டு வாரம் வீங்கியிருந்தது. பக்கவாட்டுச் சரிவில் கூரைச் சுமை உங்களுக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், இயன்றவரை நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

நீரோடையை முதலில் காலால் நடந்து பாருங்கள். நடக்க முடியாத அளவுக்கு இழுப்பு இருந்தால் வண்டியையும் இறக்காதீர்கள்.

புதைந்த வண்டியை இழுக்கும்போது, டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றை ஒருபோதும் மாட்டக்கூடாது. அது முறிந்தால் தோட்டாவைப் போலப் பாயும். அப்படி உயிர்ப்பலிகள் நேர்ந்திருக்கின்றன. சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், பொருத்தப்பட்டு, எடைத்திறன் குறிக்கப்பட்ட கொக்கிகளை மட்டுமே பயன்படுத்துங்கள். அதற்கும் முன்னால், மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னுள்ள மண்ணை அள்ளிவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

தங்குமிடத்தை வெளிச்சம் இருக்கும்போதே தேர்ந்தெடுங்கள். வறண்ட ஆற்றுப்படுகை சமதளமாகத் தெரிந்தாலும், எங்கோ மேலே பெய்த மழை இரவில் அங்கே வந்து சேரலாம். பட்டுப்போன கிளைகளின் அடியும் ஆகாது. அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். வண்டியை வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள். காலையில் கிளம்பும் முன் சக்கர நட்டுகளையும் கூரைக் கூடாரத்தின் போல்ட்டுகளையும் இறுக்கிவிட்டு, படுத்துக் கீழே பார்த்து, சைலன்சர் குழாயருகே சிக்கியிருக்கும் காய்ந்த புல்லைப் பிடுங்கி எறியுங்கள்.